வட்டிலிருந்து பென்டிரைவுக்கு: தேவதானப்பட்டி வீடுகளில் மிச்சமிருக்கும் டிவிடிகள்

தேனி மாவட்டம் தேவதானப்பட்டியில் இன்றைக்கு டிவிடி பிளேயர் ஓடுகிற வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டிவிடி வட்டு ஒன்றுகூட இல்லாத வீட்டையும் அப்படித்தான் தேட வேண்டியிருக்கும். பட்டுப் புடவைக்கு அடியில், கல்யாண ஆல்பத்தின் பின்னட்டை உறையில், சாமி படத்துக்குப் பின்னால் என்று எங்காவது நாலைந்து வட்டுகள் கிடக்கும். இந்த நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளில் நடந்த கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா, கோயில் திருவிழா எல்லாம் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. பிள்ளைகள் வளர்ந்து "அம்மா கல்யாண வீடியோவைக் காட்டுங்க" என்று கேட்கும்போதுதான் போட்டுப் பார்க்க வழியில்லை என்பது தெரிகிறது. "அண்ணே, இதைப் பென்டிரைவுல ஏத்திக் குடுங்க" என்று பெரியகுளத்துக்கோ வத்தலக்குண்டுக்கோ வட்டைக் கொண்டுபோகிறார்கள்.

ஏற்றிக் கொடுப்பது என்றால் என்ன செய்வது? இந்தக் கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி அதுதான். வட்டிலிருந்து கணினிக்கு வந்த கோப்பை எந்த வடிவத்துக்கு மாற்றுவது, ஏன் மாற்றுவது, மாற்றாமலே விடலாமா, மாற்றினால் எது போகும், சட்டம் என்ன சொல்கிறது என்று இதற்குள் பல கேள்விகள் இருக்கின்றன. கடைகளில் பொதுவாக இவை ஒன்றுமே கேட்கப்படுவதில்லை. வட்டை எடுத்து, எம்.பி.4 ஆக்கி, "சின்ன சைஸா வந்துருச்சு" என்று சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் வட்டுக்குள் இருப்பதைப் பார்ப்போம். கணினியில் டிவிடியைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் வாப் கோப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாது. பக்கத்திலேயே ஐஎஃப்ஓ என்ற சிறு கோப்புகள். எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது, மெனுவில் எதை அழுத்தினால் எது ஓட வேண்டும் என்ற விவரம் இவற்றில்தான் உண்டு. வாப் கோப்பின் உள்ளே இருப்பது எம்பெக்-2 முறையில் சுருக்கிய படம். நம் நாட்டு பால் முறையில் 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம். ஒலி பெரும்பாலும் ஏசி-3 என்ற டால்பி முறையில் அல்லது எம்பி2-வில் இருக்கும். ஒற்றை அடுக்கு வட்டில் 4.7 ஜிபி, இரட்டை அடுக்கில் 8.5 ஜிபி. 1996 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்ததிலிருந்து இந்த அமைப்பு மாறவே இல்லை.

இங்கே பலருக்கும் ஒரு பயம் இருக்கிறது. பழைய ஃபார்மட், இன்னும் கொஞ்ச நாளில் எதிலும் ஓடாது, அதனால் புதுசுக்கு மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள். இது சரியில்லை. எம்பெக்-2வை விஎல்சி பிளேயர் இன்றும் சிரமமில்லாமல் ஓட்டுகிறது. 2018 பிப்ரவரியில் அமெரிக்காவில் அதன் கடைசிக் காப்புரிமையும் காலாவதியாகிவிட்டது. விண்டோஸ் 8 வந்த 2012-லேயே மைக்ரோசாஃப்ட் டிவிடி ஓட்டும் வசதியை விண்டோஸிலிருந்து எடுத்துவிட்டது உண்மை. ஆனால் கையை விட்டுப் போவது வட்டும் டிரைவும்தான், எம்பெக்-2 அல்ல. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அவசரமாகச் செய்ய வேண்டியது நகல் எடுப்பது. வடிவம் மாற்றுவதை நிதானமாகச் செய்யலாம், வேண்டாம் என்றால் செய்யாமலும் இருக்கலாம். இரண்டும் ஒரே வேலை என்று நினைப்பதால்தான், மாற்றியதை வைத்துக்கொண்டு மூலத்தைத் தூக்கிப் போடுகிறார்கள்.

மாற்றம் என்பதிலும் இரண்டு வகை உண்டு. உள்ளே இருக்கும் எம்பெக்-2 படத்தைத் தொடாமல், துண்டு துண்டான வாப் கோப்புகளைச் சேர்த்து எம்.கே.வி. என்ற ஒரே கோப்பில் அடைப்பது ஒன்று. இதில் ஒரு புள்ளிகூடக் கெடாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். மேக்எம்கேவி, எஃப்எஃப்எம்பெக் போன்ற மென்பொருள்கள் இதைச் செய்யும். இன்னொன்று, படத்தை முழுவதுமாக விரித்து எச்.264 போன்ற வேறொரு முறையில் மறுபடி சுருக்குவது. ஹேண்ட்பிரேக் செய்வது இதைத்தான். இப்படிச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று இழக்கப்படும், இழந்தது திரும்பி வராது. கோப்பின் பெயர் எம்.பி.4 என்று முடிவதை வைத்து உள்ளே இருப்பது நல்ல படமா கெட்ட படமா என்று சொல்ல முடியாது. எம்.பி.4-உம் எம்.கே.வி.யும் வெறும் உறைகள்தான்.

இந்த இழப்பு நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வந்தது. எண்பதுகளில் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலத்துக் கல்யாணங்கள் விஎச்எஸ் கேசட்டில் இருந்தன. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் விசிடி வந்தது: 352க்கு 288 புள்ளிகள், எம்பெக்-1, ஒரு வட்டில் 74 நிமிடம். ஒரு படம் பார்க்க இரண்டு மூன்று வட்டுகளை மாற்றிப் போட வேண்டும். கேசட்டிலிருந்து விசிடிக்குப் போன கல்யாணங்கள் பிறகு அந்த விசிடியிலிருந்தே டிவிடிக்குப் போயின. 352 புள்ளிப் படத்தை 720 ஆக இழுத்தால் தெளிவு கூடிவிடுமா? கூடாது. ஆனால் அட்டையில் "டிவிடி குவாலிட்டி" என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 அங்குலப் பெட்டிகள் வீடு வீடாக வந்தன. அந்தச் சின்னத் திரையில் எந்தக் குறையும் கண்ணில் படவில்லை. ஒரு வட்டில் மூன்று படம் திணித்த டிவிடிகள் தெருவோரத்தில் விற்ற காலம் அது. கணக்குப் போட்டுப் பார்த்தால் கொடுமை புரியும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்று இரட்டை அடுக்கு வட்டில் தனியாக இருந்தால் நொடிக்கு ஏறத்தாழ 7.5 மெகாபிட் கிடைக்கும். அதே அளவுள்ள மூன்று படங்களை ஒற்றை அடுக்கு வட்டில் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 1.4 மெகாபிட்.

உலகம் வேறொரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. 1999-இல் மைக்ரோசாஃப்டின் எம்பெக்-4 நிரலை உடைத்துத் திருத்தி வெளியிட்ட டிவ்எக்ஸ், அடுத்து 2001-இல் எக்ஸ்விட் ஆகியவை ஒரு முழு டிவிடிப் படத்தை 700 எம்பி சிடிக்குள் அடக்கிக் காட்டின. இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒலியும் சேர்த்து நொடிக்கு 650 கிலோபிட்தான். இந்த 700 எம்பி கணக்கு சிடி என்ற பொருளின் அளவால் வந்தது. சிடி போய்ப் பல காலமான பிறகும், படம் என்றால் 700 எம்பி என்ற பழக்கம் போகவில்லை. பிறகு நோக்கியா ஃபோனுக்காக 176க்கு 144 அளவில் 3GP என்ற வகைக் கோப்புகள், செல் கடைகளில் மெமரி கார்டில் ஏற்றிக்கொண்ட எம்.பி.4 பாட்டுகள். அந்தந்தக் காலத்துக் கருவிக்கும் கொள்ளளவுக்கும் ஏற்ற முடிவுகள் இவை. இன்றைய கணக்கு வேறு. 1 டிபி ஹார்டு டிஸ்கில் நிறைந்த ஒற்றை அடுக்கு டிவிடிகள் இருநூறுக்கு மேல் அப்படியே அடங்கும். ஒரு குடும்பத்தின் மொத்த விசேஷமும் அதில் ஒரு மூலைக்குக்கூட வராது. இடமில்லை என்ற காரணம் செத்துப்போன பின்னும் சின்ன சைஸ் ஆசை மட்டும் ஏன் உயிரோடு இருக்கிறது என்பது எனக்குப் புரிவதில்லை.

இனி கல்யாண வட்டுக்கு வருவோம். தேவதானப்பட்டியில் இந்தக் கேள்வியின் உயிர்நாடி சினிமா டிவிடி அல்ல, இதுதான். அக்காலத்தில் மினிடிவி டேப்பில் எடுத்தார்கள். ஒரு மணி நேரம் கணினியில் ஏறினால் 13 ஜிபி பிடிக்கும். அன்றைய ஹார்டு டிஸ்க் விலைக்கு பெரும்பாலான ஸ்டுடியோக்கள் அதைச் சேமித்து வைக்கவில்லை. மிக்ஸிங் முடித்து, பாட்டுப் போட்டு, டிவிடி ரைட் செய்து கொடுத்ததும் கணினியில் இருந்ததை அழித்துவிடுவார்கள். டேப் அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விடும். ஆகவே பெரும்பாலான வீடுகளில் அந்த டிவிடிதான் மூலம். வேறெங்கும் வேறொரு பிரதி கிடையாது.

அந்த மூலத்தை எச்.264-க்கு மாற்றும்போது மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. முதலாவது, இடைப்பின்னல். பழைய கேமரா ஒரு ஃபிரேமை ஒரே நேரத்தில் எடுக்காது. ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளை முதலிலும் மீதி வரிகளை ஐம்பதில் ஒரு நொடி கழித்தும் எடுக்கும். குழாய் டிவியில் இது தெரியாது. எல்இடி டிவியிலும் ஃபோனிலும் மணப்பெண் தலையைத் திருப்பினால் முகத்தின் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழியும். மாற்றும்போதே இதைச் சரிசெய்ய வேண்டும். யாடிஃப், பிடபிள்யூடிஃப் போன்ற வடிகட்டிகள் இதற்கென்றே இருக்கின்றன. இரண்டு பாதிகளாகப் பதிந்த நொடிக்கு 25 ஃபிரேம்களை 50 முழு ஃபிரேம்களாக விரித்தால் அசைவு பழைய டிவியில் பார்த்ததுபோல் வழுக்கிக்கொண்டு போகும். இதைச் செய்யாமல் சுருக்கிவிட்டால் அந்தச் சீப்புப் பல் படத்திலேயே பதிந்துவிடும். பிறகு எடுப்பது பெரும்பாடு.

இரண்டாவது, அகல உயரம். டிவிடியின் புள்ளி சதுரமானதல்ல. 720க்கு 576 என்று பதிந்ததை 4:3 விகிதத்தில் காட்ட 768க்கு 576 ஆக்க வேண்டும். 16:9 என்றால் 1024க்கு 576. இந்தத் தகவல் வட்டிலேயே இருக்கிறது, நல்ல மென்பொருள் படித்துக்கொள்ளும். சிக்கல் மென்பொருளால் வருவதைவிட வாடிக்கையாளரால் வருவதே அதிகம். "ஸ்கிரீன் ஃபுல்லா வரணும்ணே" என்கிறார்கள். கடைக்காரரும் 4:3 படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார், மாப்பிள்ளை முகம் பூசணிக்காய் ஆகிறது. மேலும் கீழும் வெட்டுவது இன்னும் மோசம். நெற்றிச்சுட்டியும் மாலையும் போய்விடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது, பிட் கணக்கு. எந்தக் காட்சிக்கு அதிக பிட் வேண்டும் என்பது பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. மணமக்கள் மேடையில் அசையாமல் நிற்கும் காட்சிக்கு அதிகம் தேவையில்லை. அட்சதை விழும் நொடி, ஊர்வலத்தில் சீரியல் பல்புகள் மினுக்கும் இரவு, மிக்ஸிங்கில் போட்ட ரோஜா இதழ் மழை இவைதான் பிட்டைத் தின்பவை. ஒழுங்கில்லாமல் அசையும் எதையும் சுருக்குவது கடினம். இருட்டில் கேமரா போட்ட புள்ளி இரைச்சலும் அப்படித்தான். மொத்த அளவை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டுச் சுருக்கினால் இந்த இடங்களில் படம் கட்டம் கட்டமாக உடையும். அதனால்தான் அளவைச் சொல்லாமல் தரத்தைச் சொல்லும் சி.ஆர்.எஃப். முறை நல்லது. டிவிடிப் படத்துக்கு 18 முதல் 20 வரை வைக்கலாம். கோப்பு எவ்வளவு வருமோ வரட்டும்.

மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயில் வீடியோக்களை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அங்கே கருவறைக் கதவு திறப்பதில்லை, அடைத்த கதவுக்குத்தான் பூஜை. ஆகவே மகா சிவராத்திரித் திருவிழாவை எடுத்த வட்டில் ஆறு மணி நேரம் ஓட்டினாலும் மூலவரைப் பார்க்க முடியாது, கூட்டம்தான் படம். ராத்திரி வெளிச்சம், தூரத்தில் முகங்கள், ஒவ்வொரு முகமும் திரையில் இருபது முப்பது புள்ளி அகலம். ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்ப்பது அந்த முகங்களைத்தான்: அது யாரு, செத்துப்போன நம்ம பெரியப்பாவா என்று. பிட்டைக் குறைத்தால் முதலில் அழிவதும் அவைதான்.

ஒலியில் சிக்கல் குறைவு. ஏசி-3 ஒலியைச் சில ஃபோன் பிளேயர்கள் ஓட்டாமல் படம் மட்டும் ஊமையாக ஓடும். அதை ஏஏசி ஆக மாற்றினால் போதும். சப்டைட்டில்கள் டிவிடியில் எழுத்தாக இல்லை, படமாகவே பதிந்திருக்கின்றன. அவற்றைத் தமிழ் எழுத்தாக எடுக்க எழுத்துணரி (ஓசிஆர்) வேண்டும், எடுத்த பின் உட்கார்ந்து திருத்தவும் வேண்டும். மெனுவும் வேண்டும் என்றால் வட்டு முழுவதையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாகவோ வீடியோ_டிஎஸ் ஃபோல்டராகவோ அப்படியே நகலெடுக்க வேண்டும்.

சினிமா டிவிடி தனிக் கதை. படக் கம்பெனிகள் வெளியிட்ட வட்டுகள் பலவற்றில் சிஎஸ்எஸ் என்ற 40 பிட் பூட்டு இருக்கும். 1999-இல் நார்வேயில் அந்தப் பூட்டைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் நிரல் வெளிவந்தது. அதற்காக வழக்குப் போடப்பட்ட யோன் லேக் யோஹான்சன், 2003-இல் கீழ் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் விடுதலையானார். தான் வாங்கிய வட்டைத் தான் திறப்பது குற்றமில்லை என்பதே வாதத்தின் சாரம். பிரிட்டன் 2014 அக்டோபரில் சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்க அனுமதித்தது; 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. லண்டனில் ஐங்கரன் நிறுவனத்தின் டிவிடிகளை அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கும் தமிழர்களுக்கு அந்த இடைப்பட்ட மாதங்களில் மட்டும்தான் அவற்றை நகலெடுக்கச் சட்டத்தின் துணை வெளிப்படையாக இருந்தது.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் 65ஏ பிரிவைச் சேர்த்தது. உரிமை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும். நோக்கம் என்ற சொல் அதில் முக்கியம். சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளுகைக்கு 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஒரு கடை அதே வேலையைக் காசுக்கு ஊருக்கெல்லாம் செய்தால் அது சொந்த உபயோகம் ஆகாது. தமிழ்நாட்டில் 2004 முதல் வீடியோ திருட்டு குண்டர் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கடைக்காரர்கள் சினிமா வட்டைத் தொடத் தயங்குவது நியாயம்தான்.

கல்யாண வட்டுக்கு இந்தத் தயக்கம் வேண்டாம். பூட்டும் கிடையாது, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஒரே ஒரு சிக்கல்: தாலி கட்டும்போது ஓடும் பாட்டு இளையராஜாவுடையதோ ரகுமானுடையதோவாக இருக்கும். வீட்டில் பார்க்கும்வரை யாரும் கேட்கப்போவதில்லை. யூட்யூபில் ஏற்றினால் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும், சில வேளை பாட்டு ஊமையாகும். ஏற்றுவதை மட்டுமே சேமிப்பு என்று நம்பியிருந்தால் நஷ்டம்.

சினிமா வட்டின் சந்தையையும் தரத்தையும் பற்றி ஒரு வார்த்தை. வட்டுத் தயாரிப்பு நிறுவனமான மோசர் பேர் 2007 வாக்கில் டிவிடியை 34 ரூபாய்க்கு விற்றுத் திருட்டு விசிடியோடு விலையில் மோதியது. இயக்குநர் சேரன் 2015-இல் சி2எச் என்ற விநியோக முயற்சியைத் தொடங்கித் தன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை'யை நேரடியாக டிவிடியில் வீட்டுக்கே அனுப்பினார். மோசர் பேர் 2018-இல் கலைப்புக்குப் போனது. இந்தச் சந்தை முடிந்த கதை. தரம் என்று பார்த்தால், நம் படங்களின் டிவிடிகளில் பல வெளிநாட்டு விற்பனைக்காக என்டிஎஸ்சி முறையில் செய்தவை. பாலில் இருந்து மாற்றும்போது ஃபிரேம்கள் ஒன்றோடொன்று கலந்து நிழல் தட்டும். பால் வட்டுகளிலோ நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25 ஆக ஓட்டுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னால் முடிந்துவிடும், சுருதியைத் திருத்தியிருக்காவிட்டால் பாட்டும் முக்கால் அரைச்சுரம் உயர்ந்து ஒலிக்கும். பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜாவின் பாட்டை அந்தச் சுருதியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் இந்த மாவட்டத்திலேயே நிறையப் பேர் இருப்பார்கள். நல்ல பிரதி வேண்டுமென்றால் 2012-இல் பழைய 'கர்ணன்' மறுபடி வந்ததுபோல் கம்பெனிகளே ஃபிலிமிலிருந்து புதுப்பித்துத் தர வேண்டும். டிவிடியைக் கன்வெர்ட் செய்து அதைக் கொண்டுவர முடியாது. செயற்கை நுண்ணறிவால் 4கே ஆக்கித் தருகிறோம் என்கிறார்களே, அது இல்லாத விவரத்தைக் கற்பனையாக வரைந்து நிரப்புவது. இருபது புள்ளி முகத்துக்கு அது வேறு யாருடைய மூக்கையாவது ஒட்டிவிடும். குடும்ப வீடியோவில் அதை நான் ஒப்பவே மாட்டேன்.

நகலெடுக்கக் காலம் குறைவு என்பதும் உண்மை. கம்பெனி வட்டு அச்சில் அழுத்தியது. கல்யாண வட்டு சாயத்தில் எழுதியது. அந்தச் சாயம் வெயிலிலும் சூட்டிலும் மங்கும். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் வட்டை வளைக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. ஒரு டிரைவ் படிக்காத வட்டை இன்னொரு டிரைவ் படிக்கும். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ போன்ற நிரல் கெட்ட இடத்தைத் தாண்டி நல்ல இடத்தை முதலில் எடுத்துவிட்டு, பிறகு கெட்டதைத் திரும்பத் திரும்ப முயலும். கடையில் "இது ஓடாதுங்க" என்று சொன்ன வட்டை அத்தோடு விட்டுவிட வேண்டியதில்லை.

ஆக என் தீர்ப்பு இது. வட்டை முதலில் ஐஎஸ்ஓவாகவோ எம்.கே.வி.யாகவோ முழுசாக நகலெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அதிலிருந்து ஃபோனுக்கும் டிவிக்கும் ஒரு எம்.பி.4 செய்துகொள்ளுங்கள்: எச்.264, இடைப்பின்னல் நீக்கியது, ஏஏசி ஒலி. எச்.265-உம் 2018-இல் வந்த ஏவி1-உம் இன்னும் சிறிதாக்கும். ஆனால் 576 வரிப் படத்தில் மிச்சமாகும் சில நூறு எம்பிக்காக, பழைய எல்இடி டிவியில் ஓடாத கோப்பு எதற்கு? பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாகுமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அதுவும் ஒருமுறை சுருக்கும்.

கடையில் கொடுக்கும்போது, "எம்.பி.4 மட்டும் போதாது, வீடியோ_டிஎஸ் ஃபோல்டரையும் அப்படியே காப்பி போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கோப்பைக் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். வட்டின் ஓரத்தில் எழுதிய கடைசிப் பகுதிதான் பெரும்பாலும் முதலில் கெடுகிறது. பார்த்த பிறகும் வட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.